திரேசம்மா நீட்டிய மண்

மகன்,

நீ கொழும்பிலிருந்து அனுப்பிய தடித்த கடித உறை செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் அதைக் கையில் நிறுத்துப் பார்த்து, "பாரமாக் கிடக்கு ரீச்சர், மகனுக்குக் கலியாணப் பேச்சோ?" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனார். கலியாணப் பேச்சாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேண்டி வந்திராது. உறைக்குள் உன் கடிதம், உன் படம், ஒரு துண்டுப்பிரசுரம் மூன்றும் இருந்தன. வீடில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் தொண்டனாக ஆறு மாதம் ஆபிரிக்காவுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷப்பட்டேன், அதில் பொய்யில்லை. படத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மேசன் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். கரண்டியில் ஒரு துளி சாந்துகூட ஒட்டியிருக்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன், பிள்ளை வடிவாகத்தானே நிற்கிறான் என்று. பிறகு துண்டுப்பிரசுரத்தை விரித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அதன் முதற்பக்கத்துப் படத்தை நீ சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, "அம்மா, இது எங்கட உப்புவெளி!" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாய். ஓம் மகன், உப்புவெளிதான். புதுச் சுவருக்கு முன்னால் வீடு கட்ட வந்த வெள்ளைக்காரர் ஹென்றி குனிந்து, கறுத்து மெலிந்த ஒரு பெண்ணின் கையைக் குலுக்குகிறார். கீழே "நன்றியோடு கைகொடுக்கும் தாய்" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். அவள் பெயர் திரேசம்மா. அவள் கைகொடுக்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார். அவளுடைய விரலிடுக்கால் ஏதோ கொட்டுவது தெரியும். அது மண். அதற்கும் கீழே, "அந்த வீடுகள் இன்றும் எங்கள் மக்களைக் காக்கின்றன" என்று உள்ளூர் ஆசிரியை ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறது. அந்த ஆசிரியை நான்தான். பதினாறு வருடமாக நான் சொல்லிவரும் பொய்யை அச்சுப் போட்டு, என் பிள்ளையின் கையாலேயே எனக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீ எழுதியிருக்கிறாயே, சின்ன வயதில் ஹென்றியின் தோளில் ஏறியிருந்து அந்த வீடுகள் எழும்பியதைப் பார்த்தபோதே என் மனதில் இந்த ஆசை விழுந்துவிட்டது என்று. அந்த வரியை வாசித்தபோதுதான் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு தொழில் மாதிரி எனக்குப் பழகிப்போய்விட்டது என்று விளங்கியது. நீ தோளிலிருந்து பார்த்தாய். நான் கீழே, பக்கத்தில் நின்று பார்த்தேன். நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றல்ல.

அந்த மார்கழிப் புயல் உனக்கு நினைவிருக்கும். கோவிலுக்குள் நூறு சனத்தோடு நாமும் கிடந்தோம், நீ பசிக்குது பசிக்குது என்று என் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தாய். விடிந்தபோது உப்புவெளிக் கரையில் ஒரு குடிசைகூட நிற்கவில்லை. வள்ளங்கள் தென்னந்தோப்புக்குள் கிடந்தன. திரேசம்மாவின் மனுசன் அதற்கு முதல் வருடமே கடலோடு போனவன். இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு கருவாட்டுக் கூடையும்தான் அவளுக்கு மிச்சம். புயலுக்குப் பிறகு அவள் தென்னோலை பின்னித் தானே ஒரு கொட்டில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துச் சனம் பரிதாபப்பட்டது. எனக்குப் பரிதாபத்தை விடக் கருவாட்டு நாற்றம்தான் முதலில் வந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அவளுடைய கொட்டிலுக்குப் போகும்போதெல்லாம் ஓடிக்கொலோன் தெளித்த கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டுதான் போவேன். அவள் அதைக் கண்டும் காணாதவள் போலக் கதிரை இல்லையே என்று கவலைப்பட்டு, பெட்டி ஒன்றைத் துடைத்து எனக்கு வைப்பாள்.

நாலைந்து மாதம் கழித்து ஹென்றியும் பதினைந்து இளம்பிள்ளைகளும் கப்பலில் வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கல்வீடு கட்டித் தருவதாக எங்கள் பங்குச் சுவாமியாரிடம் சொன்னார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, சனத்துக்கு ஆங்கிலம் தெரியாது. கொன்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த என்னைச் சுவாமியார் கூப்பிட்டு, "நீங்கள்தான் அவையளுக்கு வாய்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா! நான் மற்ற ரீச்சர்மாரைப் பார்க்கிற பார்வையே மாறிப்போய்விட்டது. என் ஆங்கிலத்தைக் கேட்டு ஹென்றி, "எங்கள் ஊரில் பிறந்தவர் மாதிரிக் கதைக்கிறீர்கள்" என்று ஒருநாள் சொன்னார். அன்று முழுவதும் நான் நிலத்தில் நடக்கவில்லை.

இந்த இடத்தில் உன் தாத்தாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் உனக்கு விளங்காது. என் அப்பா கடற்படைத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தார் என்று உனக்குத் தெரியும். அவர் வேலையில் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். எதில் கெட்டிக்காரர் என்று நான் சொல்கிறேன், கேள். துரைமாருக்குக் கெட்ட செய்தி கொண்டுபோகாமல் இருப்பதில் கெட்டிக்காரர். எங்கள் குவாட்டர்ஸில் கூரை ஒழுகும். மாரி தொடங்கினால் சருவச்சட்டி, வாளி, அண்டா எல்லாவற்றையும் வீடு முழுக்கப் பரப்பி வைப்போம். ஒருநாள் துரை ஒருவர் வாசலில் நின்று, வீடெல்லாம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். உள்ளே வாளிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அப்பா முதுகை வளைத்து, "மிக வசதி, ஐயா" என்றார். துரை போன பிறகு அம்மா திட்டினார். அப்பா வாளியை வெளியே ஊற்றிக்கொண்டே, "துரை கேக்கிறது பதிலுக்கில்லையடி, மரியாதைக்கு" என்றார். இந்தத் துறைமுகத்தை நம்பிச் சீவித்த எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகளுக்குக் குடித்த பாலோடு கலந்து கொடுத்தது இதைத்தான். வெள்ளைக்காரன் போய், துறைமுகத்தில் எங்கள் கொடி ஏறி, அப்பாவும் வேலை இழந்து வீட்டோடு இருந்தார். அந்த வளைந்த முதுகு மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அது எனக்கு வந்தது, நல்ல ஆங்கிலத்தோடு சேர்ந்து.

சரி, மண்ணுக்கு வருகிறேன். முதல் வாரம் கிண்ணியாப் பக்கத்திலிருந்து நல்ல ஆற்றுமண் லொறியில் வந்தது. அந்த மண்ணில் முதலில் என்ன கட்டினார்கள் என்று நினைக்கிறாய்? பன்னிரண்டு தூண். இடுப்பளவு உயரத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு தூண், அதில் ஒரு பெயர்க்கல், கல்லில் கொடுத்தவர்களின் பெயர்கள். அடிக்கல் வைக்கிற வைபவத்துக்குப் பெரிய ஆட்கள் வருவதால் அது முதலில் நிமிர வேண்டியிருந்தது. பிறகு அத்திவாரம் போட்டார்கள். அதோடு மண் முடிந்தது. லொறிகளை ஏற்றி இக்கரை கொண்டுவருகிற பாதை, அந்த மிதவைப் படகு, கிண்ணியாத் துறையில் பழுதாகிக் கிடந்தது. மணல்காரர் தன் ஆளை அனுப்பிச் சொல்லிவிட்டார்: "பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்க ரீச்சர், கடல் மண்ணைத் தொடவேணாம் எண்டும் சொல்லுங்க." நான் பத்து நாள் என்பதை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டிடம் கட்ட வந்தவர்களுக்கு மணல் லொறிக்காரர் பாடம் எடுக்கிறார் என்று நான் எப்படிச் சொல்வது? ஹென்றியின் ஆட்களுக்குத் திரும்பிப் போகிற கப்பல் நாள் குறித்தாயிற்று. பத்து நாள் பொறுத்தால் பன்னிரண்டு வீடு முடியாது, ஐந்தோ ஆறோதான் முடியும். ஹென்றி கடற்கரையைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் மண். சிரித்துக்கொண்டே, "கடவுள் தந்திருக்கிறாரே" என்றார்.

ஹென்றியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடமும் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! உள்ளங்கை கொப்பளித்து உடையும்வரை வேலை செய்தார். சனத்தோடு நிலத்தில் உட்கார்ந்து உறைக்கிற மீன்குழம்பு சாப்பிட்டுக் கண்ணீர் விட்டார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். அவருக்குத் தெரியாத ஒன்றை யாராவது தெரியப்படுத்தியிருந்தால் கேட்கிற மனிதர்தான். தெரியப்படுத்த ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் நான் நின்றேன்.

கடல் மண்ணும் சீமெந்தும் குழைத்துக் கல் அரிந்து, திரேசம்மாவின் வீட்டுச் சுவர் நெஞ்சளவுக்கு எழும்பியிருந்தது. ஒருநாள் காலை ஹென்றியும் படம் பிடிக்கிற பையனும் நானும் வாசலில் நின்றோம். திரேசம்மா கருவாட்டுக் கையோடு எழும்பி வந்தாள். குவித்திருந்த மண்ணில் ஒரு கை அள்ளினாள். அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, தூவென்று பக்கத்தில் துப்பினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ரீச்சர், உவருக்குச் சொல்லுங்கோ. உது கடல் மண். உதில கட்டினா ரெண்டு மாரிக்கு மேல சுவர் தாங்காது. உப்புப் பூத்து உதிந்துபோகும். ஆத்து மண் வருமட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ. பொறுக்க ஏலாதெண்டா, பன்னிரண்டு வீட்டுப் பொம்பிளையளும் இருக்கிறம், நல்ல தண்ணிக் கிணத்தில அள்ளி மூண்டு தரம் அலசித் தாறம். நான் சும்மா கதைக்கேல்ல, நான் உப்போட சீவிக்கிறவள். வேணுமெண்டா அவரையும் வாயில வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ."

அப்படிச் சொல்லிக்கொண்டே கையில் மிச்சமிருந்த மண்ணை ஹென்றிக்கு நேரே நீட்டினாள். ஹென்றிக்கு விளங்கவில்லை. நீட்டிய கையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மண் விரலிடுக்கால் கொட்டியது. பையன் படத்தை எடுத்தான். ஹென்றி என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

மகன், நான் அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமே நினைக்கவில்லை. அவள் துப்பியது எனக்கு அவமானமாக இருந்தது. அவள் குரலை உயர்த்திக் கதைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஹென்றி அப்போது சந்தோஷமாக இருந்தார். அதைக் கெடுக்கிறவளாக நான் இருக்க விரும்பவில்லை. அவர்கள் நாட்டுத் தேவாலயங்களில் வந்து பேசுவதற்கு என்னை அழைக்கப்போவதாக அவர் இரண்டு நாளைக்கு முன்தான் சொல்லியிருந்தார். என் அப்பாவின் முதுகு எனக்குள் வளைந்தது. "உங்களுக்கு மிக்க நன்றி என்கிறார், உங்கள் எல்லோருக்காகவும் செபிக்கிறாராம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சுற்றி நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைதட்டினார்கள். திரேசம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் தாங்யூ என்ற சொல் இந்தத் துறைமுகத்தில் நாய்க்கும் தெரியும். அவள் கைதட்டியவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர், நான் தாங்யூ சொல்லேல்ல."

"பேசாமல் இருங்கோ, பிறகு சொல்லுறன்" என்றேன், சிரித்த முகத்தை மாற்றாமல். நான் சொன்ன அந்தப் பிறகு பதினாறு வருடம் நீண்டது.

பன்னிரண்டு வீடும் முடிந்தன. வீட்டுத் திறப்பைக் கையில் கொடுப்பதற்கு முதல் பழைய கொட்டிலைக் குடும்பமே பிரித்துவிட வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள், கொட்டில் பக்கத்தில் நின்றால் படத்தில் அழகாக இராதாம். திரேசம்மா தன் கையால் பின்னிய கிடுகைத் தன் கையாலேயே கழற்றி அடுக்கினாள். அவளுக்கு இனித் திரும்பிப் போக ஒரு இடமில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். வீடு குடிபுகும் அன்று மற்ற பதினொரு வீட்டிலும் சுவாமியார் தண்ணீர் தெளித்துச் செபிக்க, பால் காய்ச்சி, பொங்கி வழிய விட்டார்கள். திரேசம்மாவின் வீட்டில் பால் காய்ச்சவில்லை. அவள் முற்றத்தில் மூன்று கல் வைத்து வெறுந்தேத்தண்ணீர் ஊற்றி வந்தவர்களுக்குக் கொடுத்தாள். ஹென்றி அது என்ன வழக்கம் என்று கேட்டார். வறுமை என்றேன். இதிலும் நான் வாய்கூசவில்லை, பார்.

முதல் மாரியிலேயே சுவர் வேர்த்தது. உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. திரேசம்மாவின் இளைய பெண் அதை நக்கிப் பார்த்து உப்பு என்று சிரித்தாளாம். இரண்டாம் மாரியில் பூச்சு பொருமிப் பொருமி விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மாரின் அறையில் அந்தப் பேச்சு வந்தபோது ஒருத்தி, "மீன்பிடிச் சனத்துக்குக் கல்வீட்டைக் கவனிக்கத் தெரியாது, ஈரத்தைக் கொண்டுவந்து உள்ளுக்கு வைச்சிருப்பினம்" என்றாள். எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன எல்லாப் பொய்யிலும் எனக்கு அதிகம் குமட்டுவது அந்த ஓம்தான். மற்றதையெல்லாம் பயத்தில் சொன்னேன், மரியாதைக்குச் சொன்னேன் என்று சாட்டலாம். இதை நான் சௌகரியத்துக்குச் சொன்னேன்.

மூன்றாம் மாரியில், வாசல் நிலைக்கு மேலே போட்டிருந்த கொங்கிறீட்டுக்குள் கம்பி உப்பால் கறள்பிடித்து, துரு ஏறி வீங்கி, அது இரண்டாகப் பிளந்து விழுந்தது. திரேசம்மா அப்போது கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். வலது தோள் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டி விட்டார்கள், ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. தலையில் கூடை தூக்க முடியாதவள் தெருத்தெருவாகப் போய் எப்படி விற்பாள்? சந்தியில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். நீ பள்ளிக்கூடம் போகும்போது அந்தச் சந்தியில் இடதுகையால் மீன் நிறுக்கும் ஒரு பெண்ணைப் பார்த்திருப்பாய். "ஏன் அம்மா அவ இடதுகையால நிறுக்கிறா?" என்று நீ ஒருநாள் கேட்டாய். சில பேர் அப்படித்தான் என்று சொல்லி உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, வருடா வருடம் மார்கழியில் நத்தாருக்கு ஹென்றியிடமிருந்து வாழ்த்துமடல் வரும். நீ அவற்றையெல்லாம் அலுமாரிக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டி வைப்பாய். ஒவ்வொன்றிலும் வீடுகள் எப்படி இருக்கின்றன, திரேசம்மா சுகமா என்று கேட்டிருப்பார். நான் ஒவ்வொரு வருடமும் எல்லோரும் சுகம், வீடுகள் நன்றாக இருக்கின்றன என்று அழகான எழுத்தில் பதில் எழுதினேன். உன் அப்பா ஒருமுறைதான் வாய் திறந்தார். "உண்மையை எழுத ஏலாட்டி எழுதாமலாவது விடன்" என்றார். நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. இன்று அவர் இல்லை, அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவும் வழியில்லை. எனக்கு வருவதாக இருந்த அழைப்பு கடைசிவரை வரவேயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சிரிப்பு வந்தால் சிரி.

இப்போது ஹென்றி அந்தத் தொண்டு நிறுவனத்துக்கே தலைவர். உன்னைத் தெரிவுசெய்தபோது, உன் தாயின் கடிதங்களை நான் இன்றும் வைத்திருக்கிறேன் என்று அவர் சொன்னதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறாய். என் பொய்யின் மேல் ஏறி நின்றுதான் நீ விமானம் ஏறப்போகிறாய். உன் பிழையில்லை. ஆனால் அந்த மண்ணில் கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை பஸ் எடுத்து உப்புவெளிக்குப் போனேன். கைலேஞ்சி கொண்டுபோகவில்லை. கரையோரம் உல்லாசப் பயணிகளுக்கு விடுதிகள் வந்துவிட்டன, அவற்றுக்குப் பின்னால் அந்தப் பன்னிரண்டு காணிகள். நான்கு வீட்டுக்காரர் பிறகு தங்கள் பாட்டில் இடித்துக் கட்டிக்கொண்டார்கள். மிச்சத்தில் சுவர் முழங்காலளவு நிற்கிறது. தூண்கள் மட்டும் பன்னிரண்டும் கம்பீரமாக நிற்கின்றன, நேற்றுக் கட்டியது போல. திரேசம்மா தன் வீடு இருந்த அத்திவாரத்துக்குள்ளேயே கிடுகுக் கொட்டில் போட்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் பெட்டியைத் துடைத்து வைத்தாள். நான் உட்காரவில்லை. துண்டுப்பிரசுரத்தைக் காட்டினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தன் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அப்ப எனக்குத் தலைமயிர் இவ்வளவு கறுப்போ?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். நான் செய்தது பாவம், என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். வீட்டில் வைத்து யோசித்துக்கொண்டு போன பேச்செல்லாம் பேசினேன். அவள் பாதியிலேயே இடதுகையைக் காட்டி மறித்தாள்.

"மன்னிப்புக் கிடக்கட்டும் ரீச்சர். பிறகு சொல்லுறன் எண்டியள். அவருக்குச் சொல்லிட்டியளோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் என் கண்ணீரைப் பார்த்துக் கோபப்படவுமில்லை, இரங்கவுமில்லை. பக்கத்தில் சட்டிக்குள் மீன் கிடந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "எனக்கு வேலை கிடக்கு, சொல்லிப்போட்டு வாங்கோ" என்று கத்தியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ஹென்றிக்கு எழுதினேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் என் அழகான ஆங்கிலம் வந்து மன்னிப்பைப் பூசி மெழுகியது. நாலாம் தரம் திரேசம்மா அன்று சொன்னதை மட்டும், அவள் சொன்ன ஒழுங்கிலேயே எழுதினேன். இது கடல் மண், இரண்டு மாரிக்கு மேல் தாங்காது, பொறுங்கள், இல்லையென்றால் நாங்கள் அலசித் தருகிறோம், வேண்டுமானால் வாயில் வைத்துப் பாருங்கள். அன்று நீங்கள் குலுக்கிய அவருடைய கையில் இருந்தது அந்த மண்தான், அந்தக் கை இப்போது எழும்பாது, நான் அன்றும் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் உங்களுக்குப் பொய் சொன்னேன் என்று முடித்தேன். வியாழக்கிழமை பெரிய தபால்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம் என்று நீ கோபப்படுவாய். கேட்டிருந்தால் நீ உன் பயணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று சொல்லியிருப்பாயோ என்று பயந்தேன். நீ அப்படிச் சொல்லாத பிள்ளையாகவும் இருக்கலாம். அதைப் பரீட்சித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அதனால் உன் பயணம் நின்றுபோகலாம், மகன். நின்றால் நான் அதற்குப் பொறுப்பு, நீ என்னைத் திட்டலாம். நிற்காமல் நீ போனால் இதை மட்டும் செய். மொழிபெயர்த்துச் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அந்த முகம் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும், எனக்குத் தெரியும். யாருடைய வீடோ அவருடைய முகத்தைப் பார். அவர் எதையாவது உன் பக்கம் நீட்டினால் உடனே பிடித்துக் குலுக்காதே, கைக்குள் என்ன இருக்கிறது என்று பார். வீடு முடிகிற திகதியை உன் விமானச் சீட்டைப் பார்த்துக் குறிக்காதே. அந்தச் சுத்தமான சட்டையையும் இங்கேயே விட்டுவிட்டுப் போ.

இன்று காலை மறுபடி உப்புவெளிக்குப் போய், சொல்லிவிட்டேன் என்று திரேசம்மாவிடம் சொன்னேன். பதிவுத் தபால் துண்டையும் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அவள் முற்றத்துத் தூணைத் தாடையால் காட்டினாள்.

"ரீச்சர், உங்கட மகன் வெளிநாடு போக முதல் ஒருக்கா இஞ்சால வருவாரோ? உந்தப் பேர்க்கல்லைக் கழட்டித் தரச் சொல்லுங்கோ. நல்ல வழுவழுப்பான கல்லு, மீன் வெட்டச் சோக்கா இருக்கும். எனக்கு உந்தக் கையால ஏலாது."

நான் அவளுடைய கத்தியை வாங்கிக் கல்லின் ஓரத்தில் நெம்பிப் பார்த்தேன். கத்தி வளைந்ததே தவிர, கல் ஒரு மயிரிழையும் அசையவில்லை. அது ஆற்றுமண்ணில் பதித்தது. நீ வருவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், பிறகு என்று சொல்லவில்லை, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். முதல் நாள் சனிக்கிழமை ரயிலைப் பிடி. எங்கள் வீட்டில் கல்லை நெம்ப அலவாங்கு இல்லை, வரும்போது ஒன்று கொண்டு வா.

அம்மா